'கேண்டிட் போஸ் குடுங்க!'

ஏதாவது ஒரு முகூர்த்த சீசன் ஞாயிற்றுக்கிழமை, காலைல ஆறரை மணிக்குக் கீழக்குயில்குடி போய்ப் பாருங்க. சமணர் மலை அடிவாரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். மரத்துக்கு ஒரு ஜோடி நிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே குரல்தான்: "மேடம் ரிலாக்ஸ்! சார் நேச்சுரலா இருங்க!" அவர் சொல்லச் சொல்ல அந்த மேடத்தோட தோள் காது வரைக்கும் ஏறும்.

போன வருஷம் அந்த மேடம் எங்க அக்கா.

பெரியவங்க பாத்து வச்ச கல்யாணம். நிச்சயத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் நேர்ல பாக்குறது அது மூணாவது தடவை. வந்த அரை மணி நேரத்துல போட்டோகிராபர் நெத்தியோட நெத்தி ஒட்டி நிக்கச் சொல்லிட்டார். சுத்தி லைட் பிடிக்கிற பையன், ட்ரோன்காரர், மேக்கப் போட்டவங்க, துணைக்குப் போன நான், வாக்கிங் வந்த ரெண்டு தாத்தா. அக்கா எதுவும் சொல்லல, நின்னா. அந்தப் படம் மண்டப வாசல்ல பத்தடி ஃப்ளெக்ஸா நின்னுச்சு. வந்தவங்க எல்லாம் "ஜோடிப் பொருத்தம் சூப்பர்"னாங்க. மடங்கி இருந்த அவ கைவிரலை யாரும் கவனிக்கல. இன்னைக்கும் அந்தப் பக்கம் வந்தா ஆல்பத்தை வேகமாத் திருப்பிடுவா.

அதனாலதான் இதை எழுதுறேன். போட்டோல விறைப்பா விழுறது உங்க முகத்தோட குறை இல்ல. 'எனக்கு போட்டோ செட் ஆகாது'ன்னு சொல்றவங்க பாதிப் பேரு, வேணாம்னு சொல்ல முடியாத இடத்துல நின்னவங்கதான்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல 'கேண்டிட் போஸ்'ங்கிற வார்த்தையையே பாருங்க. கேண்டிட்னாலே தெரியாம எடுக்கிறது. அதுக்கு எப்படிப் போஸ் குடுக்கிறது? (எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கே இது புரியல.) 1862-ல துஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், முகத் தசைகளை மின்சாரத்தால தூண்டிப் பாத்து ஒரு புத்தகமே போட்டார். ட்ரிபிள்-ஈ மக்கள் கவனிக்க. வாயோரத்தை மேல இழுக்கிற தசை நாம சொன்னா கேக்கும், கண்ணைச் சுத்தி இருக்கிறது உண்மையான சந்தோஷத்துக்குத்தான் அசையும்னார். "ஸ்மைல் ப்ளீஸ்"னு கத்தினா வாய் மட்டும் வர்றது அதனாலதான்.

தாத்தா பாட்டி கல்யாண போட்டோவைப் பாருங்க, ரெண்டு பேரும் அட்டென்ஷன்ல நிப்பாங்க. அதுக்குக் காரணம் இருந்துச்சு. அப்போ ஸ்டுடியோக்கள்ல ஓடின 120 ஃபிலிம்ல சதுரப் படம் எடுத்தா ரோலுக்குப் பன்னிரண்டுதான். ஒண்ணு ஆடிப்போனாலும் காசு போச்சு. இப்போ ஒரு காலைல ஆயிரம் ஃப்ரேம் எடுக்கலாம், கைக்காசு குறையாது. அப்புறம் எதுக்கு நாம மூச்சைப் பிடிக்கிறோம்?

அசையாம நிக்கிறதும் விறைச்சு நிக்கிறதும் ஒண்ணு இல்ல. அதே மலைல பேச்சிப்பள்ளம் வரைக்கும் ஏறிப் பாருங்க. 9, 10-ம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையா இருக்கும். அதுல ஒருத்தர் பாகுபலி. கால்ல கொடி சுத்துற வரைக்கும் அசையாம நின்னார்ங்கிறது கதை. ரெண்டு கையும் சும்மா தொங்குது, தோள் இறங்கியிருக்கு. (பாக்கத்தான் சொன்னேன். சாஞ்சு நின்னு செல்ஃபி எடுக்க இல்ல.) அவர் தவம் பண்ணவர், நமக்கு அது வராது. நம்ம கைக்கு ஏதாவது ஒரு வேலை வேணும்.

அக்கா ஷூட்ல கடைசியா நடந்தது அதுதான். போட்டோகிராபர் பேட்டரி மாத்தப் போயிருந்தார். புடவைக் கரை முழுக்க நெருஞ்சி முள். அக்கா படில உக்காந்து ஒவ்வொண்ணாப் பிடுங்க, மாமா அவ செருப்பைக் கையில வச்சுக்கிட்டு ஏதோ சொன்னார். அக்கா முழுப் பல்லும் தெரியச் சிரிச்சா. லைட் செக் பண்றதுக்காக அந்தப் பையன் ரெண்டு க்ளிக் தட்டியிருந்தான். தூரத்துல இருந்து, பெரிய ஸூம் லென்ஸ்ல. அவன் அங்க நின்னதே இவங்களுக்குத் தெரியாது. அழிக்கிறதுக்கு முன்னாடி அக்கா கேட்டு வாங்கிட்டா.

அதனால உங்க வீட்ல கல்யாணம் வந்தா, இல்ல நம்ம செட்டுலயே யாருக்காவது வந்தா, டிரஸ் கலர் பேசுறதுக்கு முன்னாடியே எது வேணாம்னு பேசிருங்க. தூக்கிச் சுத்துறது, கன்னத்துல முத்தம், எதுவா இருந்தாலும். பிடிச்சவங்க தாராளமாப் பண்ணட்டும், சினிமா மாதிரி ஓடட்டும், நான் கலாச்சாரக் காவலர் கிடையாது. ஆனா பிடிக்காதவங்களும் அதே பணம்தான் குடுக்கிறாங்க. சுத்தி நிக்கிற கூட்டத்தைக் குறைங்க, என்னை மாதிரித் துணைக்கு வந்தவங்களையும் சேத்து. லென்ஸ் தூரமா நிக்கட்டும். ரெண்டு பேரும் நடங்க, ஏதாவது பேசுங்க. மொத அரை மணி நேரப் படம் வீணாப் போனாப் போகட்டும்.

அடுத்த மாசம் என் ஸ்கூல் ஃப்ரெண்டுக்கு அதே குளத்துக்கரைல ஷூட். கட்டிப்பிடிக்கிற சீன் எதுவும் வேணாம்னு போன்லயே பயந்து பயந்து சொல்லியிருக்கா. அந்த அண்ணன் சொன்னாராம்: "அப்பாடா. முன்னாடியே சொன்னீங்களே, எனக்கும் வேலை மிச்சம்மா."