பெல்ட் நழுவினால் குங்கிலியம் மருந்தல்ல



கீரமங்கலம் வட்டாரத்தில் மளிகைக் கடையோடு மாவு மில், மிளகாய் மில், எண்ணெய் எக்ஸ்பெல்லர் நடத்தும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலில் நம் தென்னைகள் சாய்ந்தன. பிறகு நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வரும் காலம் இது. கொப்பரை பெருகினால், சும்மா கிடந்த பழைய எக்ஸ்பெல்லர்களும் ஓடியாக வேண்டும். ஆகவே இதை இப்போதே சொல்ல விரும்புகிறோம்.

மோட்டார் ஓடும், இயந்திரம் தயங்கும், ரப்பர் கருகும் வாடை வரும். வெளிநாடுகளில் புல் வெட்டும் சிறு டிராக்டரில் எஞ்சின் ஓடியும் பிளேடு தயங்குவது பெரும்பாலும் இதே நோய்தான். பெல்ட் நழுவுகிறது. உடனே பலர் ஓடுகிற பெல்டில் குங்கிலியப் பொடி தூவுகிறார்கள். அல்லது மோட்டாரை இழுத்து முறுக்குகிறார்கள். இரண்டும் கூடாது என்பதே நமது கருத்து.

குங்கிலியம் பழைய சப்பை பெல்டுக்கான வைத்தியம். வி பெல்ட் அடிப்பக்கத்தால் பிடிப்பதில்லை. அதன் இரு பக்கங்களும் புல்லியின் பள்ளத்தில் ஆப்புப் போல இறுகித்தான் இழுக்கும். அதில் பிசின் பட்டால் மாவுத் தூசி ஒட்டிக் கட்டியாகும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். அளவுக்கு மீறி முறுக்கினாலோ, பெல்டோடு பேரிங்கும் போகும்.

மெயினை அணைத்து, பெல்டைக் கழற்றி, முதலில் இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கடினமாகச் சுற்றினால் குற்றம் பெல்டில் இல்லை. பேரிங்கிலோ அடைப்பிலோ இருக்கிறது. அடுத்து புல்லி. பள்ளத்தின் அடி கண்ணாடி போல் பளபளத்தால் பெல்ட் அடியைத் தொடுகிறது என்று பொருள். பள்ளம் தேய்ந்திருக்கலாம், அல்லது பெல்ட் அளவு மாறியிருக்கலாம். ஏ பெல்டின் அகலம் 13 மி.மீ., பி பெல்டுக்கு 17 மி.மீ.; பி பள்ளத்தில் ஏ பெல்டை மாட்டினால் நழுவத்தான் செய்யும். தேய்ந்த புல்லியில் புதுப் பெல்ட் மாட்டுவது ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டுவது போலத்தான்.

இரு புல்லியும் நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியதே சுமை முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் அறும். இரு புல்லிகளுக்கு நடுவே 1 மீட்டர் பெல்ட் இருந்தால், நடுவில் விரலால் அழுத்தும்போது சுமார் 16 மி.மீ. இறங்குவது சரியான இறுக்கம். புதுப் பெல்ட் நீளும். ஒரு நாள் ஓட்டிய பின் மறுபடி பார்க்க வேண்டும்.

பெல்ட் செலவு பெரிதல்ல. ஓடும் பெல்டில் பொடி தூவ நீட்டிய கை, முந்தானை, வேட்டி நுனி உள்ளே போனால் அதற்கு ஈடு எந்தக் கல்லாவிலும் இல்லை. ஆபத்து முதலாளிக்கு அல்ல, மில்லில் நிற்கும் பணியாளருக்கு. பெல்டுக்குக் கம்பி வலைக் கூண்டு இல்லாத மில்லை ஓட்டுவதில்லை என்று நம் சங்க உறுப்பினர்கள் முடிவெடுக்க வேண்டும். வரும் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.