முதலில் எர்த்தைப் பார்!

ஒரு வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர், டாய்லெட், டி.வி. எல்லாம் உண்டு. ஒரே ஒரு விசேஷம், சாவியைத் திருகினால் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். திருகியும் ஓடாத தினங்கள் உண்டு. இந்த வாரம் அந்தத் தினங்களைப் பற்றி.

அமெரிக்காவில் இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். பெரிய சைஸ் வண்டிகளில் டீசல் எஞ்சின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். பின்னாலிருந்து தள்ளுவதால் ‘டீசல் புஷர்’. புது வண்டியின் விலையைக் கேட்டால் உட்கார நாற்காலி வேண்டும். ஆகவே 1990-களில் செய்த பழைய வண்டிகளுக்கு இன்னும் கிராக்கி. ரிட்டயரான தம்பதிகள் சிலர் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறிவிடுகிறார்கள். குளிர் காலத்தில் அரிஸோனா, கோடையில் வடக்கே எங்காவது மலையடிவாரம். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கவில்லையா? வீட்டை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஸ்டார்ட் ஆனால்.

நமக்கெல்லாம் வண்டி ரிப்பேரானால் வண்டி மட்டும்தான் வொர்க்‌ஷாப் போகும். இவர்களுக்குக் கட்டில், மாத்திரை டப்பா, பேரன் போட்டோ எல்லாம் சேர்ந்து போகும். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய ‘நோமாட்லாண்ட்’ பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கதாநாயகியின் வேன் படுத்துவிடுகிறது. இத்தனை செலவு செய்ய இந்த வேன் லாயக்கில்லை என்கிறார்கள். அதுதான் தன் வீடு என்கிறாள் அவள். கடைசியில் சகோதரியிடம் போய்ப் பணம் கேட்டு நிற்கிறாள். ஒரு ரிப்பேர் பில் மனுஷரை எங்கே கொண்டு நிறுத்தும் பாருங்கள். அந்த பில் தப்பான பில்லாகவும் இருந்துவிட்டால்?

எப்படித் தப்பாகும் என்று புரிய, கொஞ்சம் டீசல் பாடம்.

பெட்ரோல் எஞ்சினில் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலுக்குக் கிடையாது. காற்றை ஒரேயடியாக அமுக்கினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் இதை ஓட்டிக் காட்டினார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனார். எப்படிக் கடலில் விழுந்தார் என்பதை மட்டும் இன்றுவரை யாரும் ட்ரபிள்‌ஷூட் செய்யவில்லை.

ஆக, டீசல் எஞ்சின் ஓடக் காற்று, டீசல், அமுக்கம் மூன்றும் போதும். அந்தக் காலத்து மோட்டார்ஹோம்களில் பேர்போன எஞ்சின் ஒன்று கம்மின்ஸ் ‘பி’ சீரிஸ், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். (நமக்கும் தூரத்துச் சொந்தம்தான். 1993-ல் ஆரம்பித்த டாடா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து எஞ்சினைச் செய்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது.) இதன் பழைய மாடலில் கம்ப்யூட்டர் கிடையாது. பம்ப் முழுக்க மெக்கானிகல். கரண்ட்டுக்கு இங்கே பெரிதாக வேலையில்லை என்று நினைப்பீர்கள். அங்கேதான் கதையே இருக்கிறது.

பம்ப் பக்கத்தில் ஒரு சொலினாய்டு இருக்கும். சாவி போட்டதும் ஒரு சின்ன லீவரைத் தூக்கி டீசலுக்கு வழிவிடும். சாவியை எடுத்தால் லீவர் விழும், எஞ்சின் அணையும். தூக்குவதற்கு ஒரு காயில், தூக்கியதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு காயில். தூக்கும் காயிலுக்கு ஒரு விநாடி நிறைய கரண்ட் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் அது சோம்பேறி க்ளார்க் மாதிரி அசையாது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. உடனே யாராவது சொல்வார்கள், ‘பம்ப் போச்சு ஸார். மாத்திடணும்.’ பம்ப் விலை ஆயிரக்கணக்கான டாலர். நிஜமான குற்றவாளி, எங்கோ ஒரு மூலையில் துருப்பிடித்த எர்த் போல்ட்!

வண்டியில் பாட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகிற கரண்ட், பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் திரும்ப வருகிறது. வரும் வழியில் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு செக்போஸ்ட். முப்பது வருஷ மழை, பனிப் பிரதேசத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு எல்லாம் சேர்ந்து அங்கே துரு ஏறுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டும். ‘எல்லாம் சரியாத்தானே இருக்கு!’

சரியாக இல்லை. கரண்ட் ஓடாதபோது ஒற்றை இழையில் தொங்குகிற ஒயர்கூட முழு வோல்டேஜ் காட்டும். மூடின குழாயில் பிரஷர் பிரமாதமாக இருப்பது மாதிரி. திறந்தால்தான் நூலாகச் சொட்டும். கணக்கு ஒன்றும் பெரிசில்லை. ஸ்கூலில் தூங்காமல் கேட்ட ஓம் விதிதான். துரு தருகிற தடை ஓம்மில் நூறில் ஒரு பங்கு, செல்ஃப் இழுப்பது 300 ஆம்பியர் என்றால், அந்த ஒரு போல்ட்டிலேயே 3 வோல்ட் காலி. பன்னிரண்டில் மூன்று போனால் மிச்சம் ஒன்பது.

எனவே வேலை செய்யும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் நெகடிவ் கம்பத்தில் (க்ளாம்ப்பில் அல்ல), இன்னொரு முனை எஞ்சின் உடம்பில். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து செய்யக்கூடிய அபூர்வமான காரியங்களில் இதுவும் ஒன்று. மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கணும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றி, எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கவும். செலவு ஒரு காப்பி விலை.

பாட்டரி சமாசாரத்திலும் இதே கூத்து. இந்த வண்டிகளில் இரண்டு செட் பாட்டரி. ஒன்று எஞ்சினுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. ஒன்றின் கரண்ட்டை மற்றது உறிஞ்சாமலிருக்க நடுவில் ஐஸொலேட்டர். பழைய டயோடு டைப் ஐஸொலேட்டர் சும்மா இருக்காது, 0.6, 0.7 வோல்ட் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டருக்கு ஒரு சென்ஸ் ஒயர் உண்டு. அது அறுந்தால் பாட்டரிக்கு ஆயுசுக்கும் அரை வயிற்றுச் சாப்பாடு. சீக்கிரம் செத்துப் போகும். பாவம், புதுசு வாங்குவார்கள். அதுவும் பட்டினி கிடந்து சாகும். சில மணி நேரம் ஓய்விலிருந்த பாட்டரி 12.6 காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. ஞாபகம் வையுங்கள். உங்கள் வீட்டு இன்வர்ட்டருக்கும் இதே கணக்குதான்.

இனி மெக்கானிகல். எஞ்சின் பின்னால், பல வண்டிகளில் டீசல் டாங்க் முன்னால். நடுவே இருபது முப்பது அடி ரப்பர் ஹோஸ். முப்பது வருஷத்தில் ரப்பர் வெடிக்கிறது. ஆனால் சொட்டு டீசல் வெளியே வராது. ஏனென்றால் பம்ப் உறிஞ்சுகிறது. வெடிப்பு வழியே டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. நம்ம லாரி டிரைவர்கள் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பார்களே, அதேதான். காலையில் முரண்டு பிடிக்கும், மேட்டில் திணறும். இதற்கும் பம்ப்பின் மேல்தான் பழி போடுவார்கள். பரீட்சை சுலபம். எஞ்சின் பக்கத்தில் ஒரு கேனில் டீசல் வைத்து, பழைய ஹோஸைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து நேராகக் குடிக்க விடுங்கள். ஒழுங்காக ஓடினால் பம்ப் நிரபராதி. மாற்ற வேண்டியது ஹோஸ்தான்.

அடுத்தது ரேடியேட்டர். பின்னால் ரேடியேட்டர் வைத்த வண்டிகளில், வெளியே நின்று பார்த்தால் அது சுத்தமாக இருக்கும். எஞ்சின் கக்குகிற எண்ணெய்ப் புகையும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து அல்வா மாதிரி அப்பியிருப்பது எஞ்சினைப் பார்த்த உள்பக்கத்தில். மலை ஏறும்போது கொதித்தால் முதலில் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

இந்த எஞ்சினில் ஒரு கொலைகாரனும் உண்டு. டைமிங் கியர் பெட்டியை எஞ்சினோடு பொருத்த ஒரு சின்ன எஃகு ஆணி. டவல் பின் என்பார்கள், துண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. வருஷக்கணக்கான அதிர்வில் மெள்ள மெள்ள வெளியே வந்து ஒருநாள் கியருக்குள் விழும். எஞ்சின் சட்னி! ‘கில்லர் டவல் பின்’ என்றே இதற்குப் பட்டப்பெயர். மருந்து, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் மாட்டுகிற ஒரு துண்டுத் தகடு.

மொத்தத்தையும் சுருக்கினால்:

1. செல்ஃப் சுற்றவே இல்லை அல்லது முனகுகிறது: பாட்டரி, கம்பம், எர்த்.

2. சுற்றுகிறது, சைலன்ஸரில் துளி புகை இல்லை: டீசல் போய்ச் சேரவில்லை. சொலினாய்டு, ஃபில்டர், ஹோஸ்.

3. சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது: டீசல் போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை. ஹீட்டர், அமுக்கம்.

4. ஸ்டார்ட் ஆகவில்லையென்று ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். உள்ளே வரும் காற்றைச் சூடாக்க இந்த எஞ்சினில் ஹீட்டர் உண்டு. இரண்டும் சந்தித்தால் வெடிக்கும்.

5. ஏர் சஸ்பென்‌ஷன் வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் படுக்காதீர்கள். காற்று இறங்கினால் டன் கணக்கான வீடு உங்கள் மேல் குடியேறும்.

‘நம்மிடம் இருப்பது டூ-வீலர், அதுவும் இ.எம்.ஐ.-யில். இதெல்லாம் எதற்கு?’ என்கிறீர்களா? முதலாவது, டெக்ஸாஸில் இருக்கும் உங்கள் மச்சான் பழைய மோட்டார்ஹோம் ஒன்றின் மேல் கண் வைத்திருந்தால் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம். இரண்டாவது, நாளைக்கு உங்கள் பைக் செல்ஃப் எடுக்காமல் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும்போது, பாட்டரி, மோட்டார் என்று யார் பட்டியல் போட்டாலும், ‘எர்த்தைப் பார்த்தியாப்பா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மெக்கானிக்கின் மரியாதையே மாறிவிடும்.

பெரிய பெரிய விஷயங்கள் நின்றுபோவதற்குக் காரணம் அநேகமாக ஏதோ ஒரு மூலையில் இருக்கும் சின்னத் துருதான்.

வண்டிகளைத்தான் சொல்கிறேன்.