நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த பாடம்



பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டு, கடிவாயைப் பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்று என்று வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு. பட்டினப்பாக்கத்தில் கடற்காற்று வாங்குபவருக்கு எதற்குப் பாம்புக் கவலை என்று சிரிக்காதீர்கள். உங்களில் பலருடைய பெற்றோர் இன்னும் ஊரில் வயலில் இறங்குகிறார்கள்.

காரணத்தைக் கேளுங்கள். நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கு லெக்டின் என்று பெயர். நம் ரத்தத்தில் இருக்கும் லெக்டின் கிருமியின் மேலுள்ள சர்க்கரையை அடையாளம் கண்டு நம்மைக் காக்கிறது. அதே குடும்பப் புரதங்கள் விரியன் விஷத்திலும் இருக்கின்றன. சில இன்றும் கேலக்டோஸ் சர்க்கரையைப் பற்றுகின்றன. பல, சர்க்கரையை விட்டுவிட்டு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் உறைகாரணிகளையும் பற்றுகின்றன. சுருட்டை விரியனின் எக்கிசெட்டின் தட்டணுவைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி விரியன் விஷத்தில் பத்தாம் உறைகாரணியைத் தூண்டிவிடும் நொதி ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதி இந்தக் குடும்பம்தான். அது தாறுமாறாகத் தூண்டிவிட, உறைவதற்கான சரக்கெல்லாம் தீர்ந்து, ரத்தம் உறையாமல் ஓடுகிறது.

அந்த நிலையில் இருப்பவர் காலைப் பிளேடால் கீறினால் என்ன ஆகும்? ரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டினால் விஷம் ஓரிடத்தில் தேங்கிச் சதை அழுகும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

மருந்து ஒன்றே: விஷமுறிவு ஊசி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தைக் கொண்டு அதைத் தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தைப் பெருமளவு எடுத்துத் தருபவர்கள் 1978-இல் தொடங்கிய, வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். நாம் ஏளனமாகப் பார்த்த கைகள்தான் நம் உயிரைக் காக்கின்றன.

எனவே பழைய பாடத்தை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்: மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கைகாலை அசைக்காதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், மந்திரிக்க நேரம் கடத்தாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாத்தியார் தவறாகச் சொன்னால் வாத்தியாரே திருத்த வேண்டும். இன்றிரவே ஊருக்குப் போன் செய்து இதைச் சொல்லுங்கள்.