பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருது, குடிக்கான மாத்திரை ஏன் வரலை?

"மனசுல உறுதி இருந்தா விட்ருவான் சார். மாத்திரையெல்லாம் போட்டா அதுவும் இன்னொரு போதைதான்."

குடியைப் பத்திப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடறாங்க. ஈசிஆர் டீக்கடையிலயும் கேட்டிருக்கேன், ஏசி ரூம்ல உக்காந்து பொட்டி தட்டற எங்க ஆபீஸ் கேண்டீன்லயும் கேட்டிருக்கேன். இந்த ரெண்டு வரியோட சண்டை போடத்தான் இதை எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

2023 மே மாசம். மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம்னு ஒரு மீனவ கிராமம். மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு மரக்காணம் பக்கத்துல மட்டும் 14 பேர் செத்தாங்க. அதே நாட்கள்ல செங்கல்பட்டு மாவட்டத்துலயும் சாவு. இறந்தவங்க குடும்பத்துக்குத் தலா 10 லட்சம்னு அரசு அறிவிச்சது. அடுத்த வருஷம், 2024 ஜூன்ல, கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல போனாங்க. அங்கேயும் அதே 10 லட்சம். ரெண்டு தடவையும் கைது, சஸ்பெண்டு, ரெய்டு. யார் காய்ச்சினான், யார் வித்தான், யார் கண்டுக்காம விட்டான், எல்லாத்தையும் கேட்டாங்க, கேட்கவும் வேணும். குடிச்சவனைப் பத்தி மட்டும் ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குய்யா பத்து லட்சம்?"

அவனால ஏன் நிறுத்த முடியலைன்னு ஒருத்தரும் கேக்கலை.

மரக்காணம் உப்பளத்தைக் காரை நிறுத்தி போட்டோ எடுத்தவங்க நிறைய பேர் இருப்பீங்க. வெள்ளை வெளேர்னு குவியல் குவியலா அழகாத்தான் இருக்கும். அங்க வேலை பாக்கறவங்க வெயில் ஏறறதுக்கு முன்னாடியே முடிக்கணும்னு விடியறதுக்கு ரொம்ப முன்னாலயே பாத்தியில இறங்கிடுவாங்க. உப்புத்தண்ணியில நின்னு நின்னு பாதமெல்லாம் வெடிச்சிருக்கும். ஐப்பசி மழை இறங்கினா பாத்தியெல்லாம் வெள்ளம், தை வரைக்கும் வேலை கிடையாது. எங்கம்மாவோட சித்தப்பா பையன், எனக்கு மாமா முறை, அங்கதான் வேலை. சீசன்ல கூலியில குடிப்பாரு, மழைக்காலத்துல கடன் வாங்கிக் குடிப்பாரு. உறுதி இல்லாத மனுஷன்னு அவரைச் சொல்லவே முடியாது. இருபது வருஷமா காலங்காத்தால உப்புத்தண்ணியில இறங்கறவருக்கு உறுதியைப் பத்தி ஏசி ரூம்காரன் என்ன பாடம் எடுக்கறது?

மாமா ரெண்டு தடவை கோயில்ல கயிறு கட்டிக்கிட்டாரு. நாலு வருஷம் மாலை போட்டாரு. மாலை போட்ட 48 நாளும் ஒரு சொட்டு தொட்டதில்லை. யோசிச்சுப் பாருங்க, அது என்ன சாதாரண ஏற்பாடா? குருசாமி கேள்வி கேப்பாரு, சாயங்காலம் பஜனைக்குப் போகணும், வெறுங்கால், கறுப்பு வேட்டி, தெருவே 'சாமி'ன்னு கூப்பிடுது. நேத்து வரைக்கும் 'டேய் குடிகாரா'ன்னு கூப்பிட்ட அதே தெரு! 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சேர்ந்து ஆரம்பிச்ச ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் அடிப்படை இதுதான். தனியா முடியாது, கூட நாலு பேர் வேணும், தன்னைவிடப் பெருசா ஒண்ணைப் பிடிச்சுக்கணும்.

இதை நக்கல் பண்ற ஆள் நான் இல்லை. எங்க ஃபீல்டுல சில பேர் இருக்காங்க, "எல்லாம் மூளைக் கெமிக்கல் பாஸ், ஒரு மாத்திரை போதும், கூட்டமெல்லாம் சாமியார் வேலை"ன்னு. அவங்களுக்கு ஒரு தகவல்: 2020-ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புல, இந்த 12 படி வழியில போனவங்கள்ல 42 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் முழுசாக் குடிக்காம இருந்தாங்க. மத்த சிகிச்சைகள்ல 35 சதவீதம். கூட்டம் வேலை செய்யுது. ஆனா மீதி 58 பேர்? அவங்களுக்கு உறுதி இல்லைன்னு சொல்லிக் கையைக் கழுவிடலாமா?

மாமா அந்த 58-ல ஒருத்தர். மாலையைக் கழட்டின வாரமே நாக்கு நமநமன்னு ஆரம்பிச்சுடும். "நான் வேணாம்னுதான்டா நினைக்கறேன், கால் தானா போவுது"ன்னு சொல்வாரு.

அந்தக் 'கால் தானா போறது' இருக்கே, அதுக்குத்தான் மாத்திரை. நால்ட்ரெக்ஸோன்னு ஒண்ணு. குடிச்சா மூளைக்குள்ள ஒரு சுகம் வருதில்ல, அந்தக் கதவை அடைக்குது. அமெரிக்காவுல 1994-லயே குடிநோய்க்கு அனுமதி வாங்கினது. அகாம்ப்ரோசேட்னு இன்னொண்ணு. குடியை விட்ட பிறகு மூளைக்குள்ள நடக்கற தவிப்பைத் தணிக்கும்னு சொல்றாங்க. ஈரல் ரொம்பக் கெட்டுப்போனவங்களுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பாங்க, கிட்னி கெட்டவங்களுக்கு அகாம்ப்ரோசேட் ஆகாது. ரெண்டுமே போதை தராது, பழக்கமாவும் ஆகாது. 'இன்னொரு போதை'ன்னு சொல்றவங்க எதை வச்சுச் சொல்றாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை.

அதிசயமும் நடக்காது. 2023-ல அமெரிக்க மருத்துவச் சங்க இதழ்ல வந்த தொகுப்புப்படி, 11 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தா, சும்மா விட்டிருந்தா மொடாக்குடிக்குத் திரும்பியிருக்கற ஒருத்தர் கூடுதலாத் தப்பிக்கிறார். பதினொண்ணுல ஒண்ணுதானான்னு கேக்கறீங்களா? லேசான ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை கொடுத்து ஒரு பக்கவாதத்தைத் தடுக்கறதுக்கு அதைவிடப் பல மடங்கு பேருக்குக் கொடுக்கணும். அதை யாரும் வீண்னு சொல்றதில்லையே.

நம்ம ஊர்ல பிரபலமானது மூணாவது மாத்திரை, டைசல்ஃபிராம். இது தவிப்பைக் குறைக்கறதில்லை, பயமுறுத்துது. போட்டுட்டுக் குடிச்சா மூஞ்சி சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. டென்மார்க்ல 1940-கள்ல கண்டுபிடிச்சாங்க. இங்க புருஷனுக்குத் தெரியாம குழம்புல கலந்து கொடுக்கற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, உயிர் போகலாம். ஆனா இதே மாத்திரையைத் தெரிஞ்சே, வீட்டுல ஒருத்தர் பக்கத்துல நின்னு கொடுத்தா? மும்பையில 100 ஆண்களை ரெண்டாப் பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, 2004-ல வெளிவந்தது. டைசல்ஃபிராம் போட்டவங்கள்ல 86 சதவீதம் குடிக்காம இருந்தாங்க, நால்ட்ரெக்ஸோன் போட்டவங்கள்ல 44. இத்தனைக்கும் தவிப்பு குறைஞ்சது நால்ட்ரெக்ஸோன் பக்கம்தான். ரெண்டு பக்கமும் மாத்திரையைப் பாத்துக் கொடுக்க வீட்டுல ஒரு ஆள் இருந்தாங்க. அப்படி ஒருத்தர் தினமும் எடுத்துக் கொடுக்காத இடத்துல இந்த 86 வரும்னு நான் நம்பலை.

அப்ப இந்த 'மாத்திரையா கூட்டமா' பட்டிமன்றத்துக்கே என்ன அர்த்தம்? பட்டிமன்றம் நடத்தறதுக்கும் கையில ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும். எய்ம்ஸ் நடத்தி 2019-ல வந்த தேசிய ஆய்வுல, குடிக்கு அடிமையானவங்கள்ல 38-ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. மீதி 37 பேருக்கு நம்ம அட்வைஸ்தான் கிடைச்சது :)

மாமாவுக்கு ஒரு டாக்டர் நால்ட்ரெக்ஸோன் எழுதிக் கொடுத்தாரு. பாண்டிச்சேரி போய் வாங்கணும், பஸ்ல மட்டும் ஒரு மணி நேரம். ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் அவர் போய்க்கிட்டிருந்த ஒரு கூட்டத்துல, "மாத்திரை போட்டுக்கிட்டு விட்டா அது விட்டதாவே ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க. அட்டையைத் தூக்கி எறிஞ்சாரு. மாட்டுப் பொங்கலன்னிக்கு மறுபடி ஆரம்பம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸே தன்னோட வெளியீட்டுல உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பாக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. இதெல்லாம் நம்ம ஊர்க் கூட்டங்களுக்கு யார் எடுத்துச் சொல்றது?

"எழுதிக் கொடுத்தாலும் ஒழுங்காச் சாப்பிட மாட்டான்"னு அடுத்த வாதம் வரும். கரெக்ட். பிரஷர் மாத்திரையையும்தான் ஜனங்க ஒழுங்காச் சாப்பிடலை. அதுக்கு அரசு என்ன செஞ்சது? 'உனக்கு உறுதி இல்லை'ன்னா திட்டுச்சு? 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சு, ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து, சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே அனுப்புச்சு. அருமையான திட்டம். அந்தப் பையில இந்த மாத்திரையையும் போடுங்கன்னுதான் கேக்கறேன்.

அந்த அக்காவே கூட்டமாவும் இருக்கலாம். கோவாவுல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, டாக்டருக்கோ நர்ஸுக்கோ படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடிக்கறவங்களோட நாலு தடவை வரைக்கும் பேச வச்சாங்க. 2017-ல லான்செட்ல வந்தது. பேச்சு கிடைச்சவங்கள்ல 42 சதவீதம் பேர் மூணு மாசத்துல குடியை நிறுத்தியிருந்தாங்க, கிடைக்காதவங்கள்ல 18. அது முழு அடிமை ஆகாத, ஆனா உடம்பைக் கெடுத்துக்கிட்டிருந்த ஆட்கள்கிட்ட செஞ்ச ஆய்வு. முத்திப்போனவங்களுக்குப் பேச்சு மட்டும் போதாது, அதனாலதான் மாத்திரையும் சேர்த்துக் கேக்கறேன்.

காசு? சில்லறை விற்பனை மொத்தத்தையும் 2003-லேர்ந்து அரசே டாஸ்மாக் மூலமா பண்ணுது. எக்கியார்குப்பம் சாவுக்கு முந்தைய நிதியாண்டுல வருமானம் 44 ஆயிரம் கோடி. அதே 2023 ஜூலையில உலக சுகாதார நிறுவனம் நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துச்சு. காசு இல்லைன்னு சொல்ல வாயே வரக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், செத்தும் போகலாம். வீட்டுல பூட்டி வைக்காதீங்க, முதல் வாரம் ஆஸ்பத்திரியில டாக்டர் கண் முன்னாடி இருக்கணும். ஆனா மாலை போட்டவங்க அந்தக் கண்டத்தை ஏற்கெனவே தாண்டியிருப்பாங்க. இந்த மருந்துகள் நல்லா வேலை செய்யறதும் குடியை நிறுத்தி ஓய்ஞ்ச உடம்புலதான். கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு சொட்டு தொடாம இருந்த அத்தனை சாமிகளுக்கும் மரக்காணத்துல ஈரல், கிட்னி டெஸ்ட் எடுத்து, தை பிறந்து மாலையைக் கழட்டற அன்னிக்கே முதல் அட்டையைக் கையில கொடுங்க. கொடுக்கறது குருசாமியா இருந்தா இன்னும் நல்லது.