இருளில் முடிகிற சங்கீதம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: பைபிளை இனி இலக்கியமாக மட்டுமே படிக்க முடியும், அதில் ஆறுதல் தேடுவது பிரக்ஞை சோர்ந்துபோனதன் அறிகுறி. சோர்ந்துபோனது வாஸ்தவம். பல வருஷங்களாக மனச்சோர்வு நோயோடு இருப்பவன் நான். மாத்திரையும் சாப்பிடுகிறேன், சங்கீதங்களும் படிக்கிறேன். முதலாவதைச் சொன்னால் பிரசங்கியார் முகம் சுளிக்கிறார். இரண்டாவதைச் சொன்னால் நம் நண்பர்கள். வேதம் என்றால் தைரியம் சொல்கிற புத்தகம் என்று இரு தரப்புமே முடிவு கட்டியிருக்கின்றன. ஒருவர் அதை விற்கிறார், மற்றவர் வாங்க மறுக்கிறார்.

88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலம்பலாய்த் தொடங்கும் சங்கீதங்களில் பெரும்பாலானவை முடிவதற்குள் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. கூப்பிடுகிறான், பதில் இல்லை. சிநேகிதர்கள் விலகிப்போனதோடு முடிந்துவிடுகிறது. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல்லே இருள்தான். தொகுத்தவர்கள் இரண்டு வரி நம்பிக்கை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எனக்கு ஆறுதல் இங்கேதான். விடியற்காலை மூன்று மணிக்கு நான் விழித்துக் கிடப்பதை யாரோ முன்பே சொல்லிவிட்டான். அது விசுவாசக் குறைவு என்று தள்ளப்படாமல் வழிபாட்டுப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. இது சரணாகதி என்றால் நவீன கவிதையில் பாதி சரணாகதிதான். (நம் பத்திரிகைகளில் இருத்தலின் வெறுமை இதழ் தவறாமல் வருகிறது. அதற்காக யாரும் டாக்டரிடம் போனதாகத் தெரியவில்லை.)

நண்பர் ஆங்கிலக் கவி வில்லியம் கூப்பரைக் காட்டக்கூடும். 1763இல் தற்கொலைக்கு முயன்று, மனநோய் விடுதியில் இருந்தபோது ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் படித்துத் தெளிந்தவர். 1773இல் மறுபடி விழுந்தார். கடவுள் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற நினைப்பு 1800இல் சாகும்வரை அவரை விடவில்லை. ஆக, வேதம் அவரைக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்தும் என்று நான் சொல்லவும் இல்லை.

அப்படிச் சொல்கிற பிரசங்கியார் எலியாவின் கதையை மறுபடி படிக்கட்டும். கர்மேலில் வானத்து நெருப்பை இறக்கிய தீர்க்கதரிசி, அடுத்த அத்தியாயத்தில் யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவு கேட்கிறான். வந்த தூதன் கண்டிக்கவில்லை, விசுவாசத்தை விசாரிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துத் தூங்கிவிடுகிறான். தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கடவுள் கேள்வி கேட்பதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். எழுந்து பல் தேய்ப்பதே பெரிய காரியமாகிவிடுகிற நாட்களை அறிந்தவனுக்கு அந்த அடை உருவகம் அல்ல.

இதில் நடை அழகை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு போகிறவரை நல்ல வாசகர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவரிடம் மறுப்பு இருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும். 88ஐ ஒருமுறை கடைசிவரை படித்துவிட்டு.