நூலுரிமையும் ஸதகா ஜாரியாவும்

மார்க்க நூல்களைப் படியெடுப்பது குறித்து நம் சமுதாயத்தில் இரு கருத்துகள் நிலவுகின்றன. "தீனுடைய கல்வி எவருக்கும் சொந்தமன்று; எதையும் படியெடுக்கலாம்" என்பர் சிலர். "உரிமையாளரின் அனுமதியின்றி எதையும் தொடலாகாது" என்பர் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது.

எழுதியவரின் உரிமையை ஷரீஅத் மதிக்கிறது. நூலாசிரியரின் உரிமை பேணப்பட வேண்டும், அதில் அத்துமீறுவது கூடாது என 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. இறைவேதம் எவருடைய உடைமையும் அன்று. ஆயினும் அதன் தமிழாக்கத்தில் ஓர் ஆலிமின் பல்லாண்டு உழைப்பு அடங்கியுள்ளது. அவ்வுழைப்பைக் களவாடிப் பரப்பிவிட்டு நன்மையை எதிர்பார்ப்பது முறையன்று.

ஆனால், அவ்வுரிமை எத்தனை காலம் நீடிக்க வேண்டும்? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் என்றது. தாகூரின் நூல்கள் பொதுவுடைமையாகும் தறுவாயில், 1992இல் அது 60 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. இது மிகையானது என்பதே நம் கருத்து. வாரிசுகள் பல ஊர்களில் சிதறிவிட, யாரிடம் அனுமதி கேட்பதென்று அறியாமல், மறுபதிப்புக் காணாத நூல்கள் கரையானுக்கு இரையாகின்றன. உரிமை காக்கப்படுகிறது; நூலோ அழிகிறது.

வழிநூல்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை முழுமையாகச் சொல்லாமல் நின்றது. எஞ்சியதைப் பனீ அஹ்மது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்புக்கு இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுல் பாரீ' எனும் விரிவுரை வரைந்தார்கள். மூலத்தைப் பெயர் சுட்டி, அதன்மேல் புதிய உழைப்பைச் சேர்த்து வளர்ந்ததே நம் அறிவு மரபு. அத்தகைய உரைக்கும் தொடர்ச்சிக்கும் சட்டம் தாராளமாக இடமளிக்க வேண்டும். பிறர் நூலின் அட்டையை மாற்றித் தம் பெயரைப் பொறிப்பதோ தெளிவான மோசடி.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் தம் பதிப்புரிமையைத் தாமே துறக்க அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி செய்கிறது. மனிதன் இறந்தபின்னும் பயன் தொடரும் அமல்களுள் பிறருக்குப் பயன்படும் கல்வியும் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நம் எழுத்தாளர்கள், தங்கள் காலத்துக்குப்பின் இத்தனை ஆண்டுகளில் நூல் பொதுவாகட்டும் என வாழும்போதே எழுதி வைக்கலாம். குடும்பத்தாரிடமும் அதைத் தெரிவிக்கலாம். நிலத்தையும் கட்டடத்தையும் வக்ஃபு செய்த சமுதாயத்துக்கு, நூலை அவ்வாறு விட்டுச்செல்வது அரிதன்று.

பயனுள்ள கல்வியை விட்டுச்செல்லும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.