திறந்த ஏழரை, அடைத்த ஏழரை

ஏழரை சதவீதம் என்ற எண் தமிழ்நாட்டு மருத்துவக் கல்விக்குப் புதிதல்ல. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அது உள் ஒதுக்கீடாக ஒரு கதவைத் திறந்துவிட்டது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பிய பிள்ளைகளுக்கு அதே எண் கதவை அடைக்கிறது. ஒரு கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் ஏழரை சதவீதம் பேரைத்தான் உள்ளிருப்புப் பயிற்சிக்குச் சேர்க்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் வரம்பு கட்டியது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 150 இடங்கள். கணக்குப் போட்டால் பதினொன்றேகால் வருகிறது. கால் மனிதரைச் சேர்க்க முடியாதல்லவா? ஆகவே பதினொருவர்.

இந்த வரம்பை விருதுநகர் போன்ற மாவட்டங்களில் தளர்த்த வேண்டும்.

வரிசையில் நிற்பவர்கள் யாரோ அல்ல. வீட்டை அடகு வைத்து உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பப்பட்ட நம் வட்டாரப் பிள்ளைகள். திரும்பி வந்ததும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான, 300 கேள்விகள் கொண்ட எஃப்எம்ஜிஇ தேர்வில் 150 எடுத்தாக வேண்டும். எழுதுவோரில் பெரும்பாலோர் தோற்கும் தேர்வு அது. தேறியவர்களுக்கும் மருத்துவக் கவுன்சிலின் சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு இடத்துக்கான காத்திருப்பு. கொரோனாவிலும் போரிலும் ஆன்லைனில் படித்தவர்களில் பலருக்கு ஓராண்டுப் பயிற்சி இரண்டாண்டாக நீண்டது. நீட் பிஜி எழுதவோ, குறித்த தேதிக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். 2025 தேர்வுக்கு அது ஜூலை 31ஆக இருந்தது. அதை ஒரு வாரம் தவறவிட்டாலும் மேற்படிப்பு ஓராண்டு தள்ளிப்போகும்.

இப்போது விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு ஊரான சிவகாசிக்கு வருவோம். அந்த வட்டாரத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை எண்ணிப் பாருங்கள்: 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சன்குளம், 2024இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர் மாறுகிறது. ஆம்புலன்ஸ் போகும் பாதை மாறுவதில்லை. கடுமையாக வெந்தவர்கள் கடைசியில் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள்.

தீக்காயத்தில் முதல் நாள் என்பது ஆள்பலத்தின் கணக்கு. உடலில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று பார்த்து, நாள் முழுவதற்குமான சலைனைக் கணக்கிட்டு, அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, வெடித்த நேரத்திலிருந்து ஓடுகிறது. வெந்த கையில் ஊசி இறங்க ரத்தக்குழாய் தேட வேண்டும். மணிக்கொரு முறை சிறுநீரின் அளவைப் பார்க்க வேண்டும். தொண்டை வீங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து இறங்கினால் இதையெல்லாம் யார் செய்வது? பெரிய டாக்டரின் சொற்படி ஓடியாடிச் செய்பவர் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் உள்ளிருப்புப் பயிற்சி மருத்துவர்தான்.

தரம் கெட்டுவிடும் என்பார்கள். தரத்தைச் சோதிக்கத்தானே தேர்வு? அதில் தேறியவரை வாசலில் நிறுத்தி வைத்தால் கற்றதும் மறந்துபோகும். நோயாளிகளும் பேராசிரியர்களும் போதாத இடத்தில் பயிற்சியாளர்களைக் குவித்தால் யாருக்கும் பயிற்சி கிடைக்காது என்பது நியாயமான கவலை. ஆனால் எந்த வரம்புக்கும் காரணம் வேண்டும். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற வரம்புக்கு எரிந்துபோன உயிர்கள் காரணம் சொல்லும். ஏழரைக்கு அப்படி ஒரு காரணத்தை யாரும் காட்டவில்லை. படுக்கை எத்தனை, ஆசிரியர் எத்தனை என்று எண்ணிப் பார்த்து மருத்துவமனைவாரியாக இடங்களை முடிவு செய்வதே முறை. புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளில் வெளிநாட்டுப் பட்டதாரிகளை அமர்த்தலாம் என்று 2021ஆம் ஆண்டின் பயிற்சி விதிகளே இடம் தருகின்றன. 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்ட விருதுநகர் கல்லூரியை மனத்தில் வைத்தே எழுதியது போன்ற விதி அது.

தேர்வைத் தளர்த்தாமலே பயிற்சியின் கதவைத் திறக்க முடியும். அமெரிக்காவில் ஆஸ்டியோபதி என்ற தனி மருத்துவக் கல்வி முறையில் படித்த மருத்துவர்களுக்கும் நெடுங்காலம் தனி வரிசை இருந்தது. அவர்களுடைய சங்கம் ஏற்ற முதலாண்டுப் பயிற்சியை முடிக்காவிட்டால் சில மாநிலங்களில் உரிமம் கிடைக்காத நிலை இருந்தது. 2015இல் தொடங்கி 2020 ஜூனுக்குள் பயிற்சிகளுக்கான இரண்டு அங்கீகார முறைகளையும் ஒன்றாக்கினார்கள். அவர்கள் எழுத வேண்டிய உரிமத் தேர்வு அப்படியேதான் இருக்கிறது.

தமிழக அரசு 2022இல் பயிற்சிக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது பாராட்டத்தக்கது. உதவித்தொகையில் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்ன பிறகு அதில் பேச ஒன்றுமில்லை. மீதியிருப்பது இடம். சிவகாசி அரசு மருத்துவமனையை விருதுநகர் கல்லூரியின் பயிற்சிக் களமாகச் சேர்த்துக் கூடுதல் இடங்களை ஆணையத்திடம் மாநில அரசு கேட்டுப் பெற வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாள் கெடு வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகளில் வேலை நெருக்கும். அதற்குள் இந்தப் பிள்ளைகளின் பெயர்கள் சிவகாசி மருத்துவமனையின் இரவுப் பணிப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும்.